எழுபத்தேழாம் அத்தியாயம் காலி

வாளித் தண்ணீரில் போட்ட சிவப்பு ஜாக்கெட் முதல் நிமிடம் மிதந்தது. இரண்டாவது நிமிடம் ஒருபக்கமாகச் சாய்ந்தது. மூன்றாவது நிமிடம் கழுத்துப்பட்டையிலிருந்து குமிழிகள் வந்தன. நான்காவது நிமிடம் முடிவதற்குள் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"லைஃப் ஜாக்கெட்டாம்," என்றேன். "லைஃபைத் தவிர மத்ததெல்லாம் காப்பாத்தும் போல இருக்கு, மச்சான்."

மச்சான் சிரிக்கவில்லை. அவர் தண்ணீர் பாட்டிலின் லேபிளை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார். யோசிக்கும்போது அவருக்கு ஏதாவது ஒரு லேபிளை உரித்தாக வேண்டும். எங்கள் அலுவலகத்தில் எந்த பாட்டிலில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. ஒருமுறை பினாயிலை முகர்ந்து பார்த்துத்தான் தப்பித்தேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. மச்சானின் தங்கை என்னை விவாகரத்து செய்து ஆறு வருடம் ஆகிறது. அவள் விட்டுவிட்டாள், மச்சான் விடவில்லை. இன்றுவரை 'வாங்க மாப்பிள்ளை, போங்க மாப்பிள்ளை' என்று மரியாதையோடுதான் கூப்பிட்டு, நாய் படாத பாடு படுத்துகிறார். அவர் துப்பறிகிறார். நான் கார் ஓட்டுகிறேன், வாளியில் தண்ணீர் பிடிக்கிறேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் பேசுகிறேன்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண் வாளியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பன்னிரண்டு நாளுக்கு முன்னால், ஏரியில் பள்ளிக்கூடச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து பதினோரு பேர் செத்தார்கள். அதில் ஒன்பது பேர் குழந்தைகள். பதினோரு பேரும் இதே சிவப்பு ஜாக்கெட் போட்டிருந்தார்கள். உள்ளே இருந்தது பஞ்சு. அது தண்ணீரைக் குடித்துக் குடித்து ஆளைக் கீழே இழுத்திருக்கிறது. பிழைத்தவர்கள் மூன்று பேர்தான். ஜாக்கெட் போடாத படகோட்டி, உடம்பு பெருத்ததால் ஜாக்கெட் பத்தாமல் போன வாத்தியார், அப்புறம் எதிரே இருக்கும் இந்தப் பெண்ணின் ஒன்பது வயது மகள்.

அந்த ஜாக்கெட்டைத் துறைமுகத்திலிருந்து வெளியே எடுத்துக் கொடுத்தது இவளுடைய புருஷன் வேலை பார்த்த கிளியரிங் ஆபீஸ். போலீஸ் அவரைப் பிடித்துப் பத்து நாளாகிறது. பத்து நாளும் மனிதர் வாயே திறக்கவில்லை. நாளைக்குக் குற்றப்பத்திரிகை.

"என் வீட்டுக்காரர் அந்த ஆபீஸ்ல கோடு நம்பர் போடுறவர் சார்," என்றாள். "என்ன சாமான் உள்ள வந்தாலும் அதுக்கு எந்த நம்பர்னு அவர்தான் சொல்வார். இருபத்திரண்டு வருஷம். அவருக்கு ஆபீஸ்ல பேரே தொண்ணூத்தேழு. சுங்க வரிப் புத்தகத்துல தொண்ணூத்தேழு அத்தியாயம், அத்தனையும் மனப்பாடம்."

"இதுக்கு என்ன கோடு போட்டிருக்கார்?"

"அவர் போடலை சார். அவர் பேர்ல யாரோ போட்டிருக்காங்க. ஆறு மூணு, பூஜ்யம் ஏழு, ஒன்பது பூஜ்யம்."

நான் மச்சானைப் பார்த்தேன். "எனக்கு போன் நம்பரே மனசுல நிக்காது. கொஞ்சம் மனுஷ பாஷையில சொல்லுங்க."

"விலாசம் மாதிரிதான், மாப்பிள்ளை. அறுபத்து மூணுன்னா தைச்சு முடிச்ச துணிச் சாமான், அது தெரு. பூஜ்யம் ஏழு வீடு. கடைசி ரெண்டு இலக்கம் எந்த ரூம்னு சொல்லும். இருபதுன்னா லைஃப் ஜாக்கெட். தொண்ணூறுன்னா 'மற்றவை'. எதுலயும் சேராததை எல்லாம் அங்க தள்ளிடலாம்."

"ஒரு ரூம் தள்ளிப் போனா என்ன ஆகும்?"

"இருபதுல வந்தா, மிதக்குதான்னு சோதனை பண்ணின சான்றிதழ் காட்டணும். இல்லேன்னா பெட்டி துறைமுகத்தைத் தாண்டாது. தொண்ணூறுல வந்தா கேள்வியே கிடையாது."

பதினோரு பிணமும் ஒரு ரூமுக்கும் அடுத்த ரூமுக்கும் நடுவில் விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாளியைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"'மற்றவை'ன்னு போடுறதே அவருக்குப் பிடிக்காது சார். சோம்பேறிங்க போடுற நம்பர்னு சொல்வார். வீட்டுல கூட 'மற்ற செலவு'ன்னு எழுத விடமாட்டார்." அவள் குரல் உயர்ந்தது. "இன்னொண்ணு கேக்கிறேன். என் பொண்ணும் அந்தப் படகுலதான் இருந்தா. இது மூழ்கும்னு தெரிஞ்சிருந்தா, எந்த அப்பனாவது பெத்த பொண்ணை அதுல ஏத்தி அனுப்புவானா?"

அதற்கு எதிர்வாதம் கிடையாது. நான் அந்த நிமிடமே அவள் கட்சிக்கு மாறிவிட்டேன்.

மச்சான் லேபிளை முழுதாக உரித்து மேசையில் ஒட்டினார். "குழந்தைக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது. எப்படியோ படகு ஓரத்துக் கட்டையைப் புடிச்சுத் தொங்கியிருக்கா. தெய்வம் காப்பாத்திச்சு."

"சரிம்மா. நீங்க வீட்டுக்குப் போங்க. சாயங்காலத்துக்குள்ள வரோம்."

*

கிளியரிங் ஆபீஸ் முதலாளி எங்களை எழுந்து நின்று வரவேற்றார். வழுக்கைத் தலை, வெள்ளைச் சட்டை, பையில் பச்சை மைப் பேனா. மேசையில் எங்களுக்காக இரண்டு தண்ணீர் பாட்டில். மச்சானின் விரல் தானாக ஒரு பாட்டிலுக்குப் போனது.

"என்கிட்ட ஒளிக்க என்ன சார் இருக்கு? எந்த ஃபைல் வேணுமோ எடுத்துப் பாருங்க. போலீஸும் பார்த்தாச்சு," என்றார். "நான் அவன்கிட்ட தெளிவா சொன்னேன். லைஃப் ஜாக்கெட்டுப்பா, சான்றிதழுக்கு எழுதிப் போடுன்னு. அவன் குறுக்கு வழியில 'மற்றவை'ன்னு போட்டு அனுப்பிட்டான். எவன்கிட்ட என்ன வாங்கினானோ. இப்ப ஊமை மாதிரி உக்காந்திருக்கான்."

"சரக்கை இறக்குமதி பண்ணினது யாரு?" என்று மச்சான் கேட்டார்.

"எங்க மாமியார் பேர்ல ஒரு கம்பெனி இருக்கு."

"அவங்களுக்கு என்ன வயசு?"

"எண்பத்தி மூணு."

"இந்த வயசுல கன்டெய்னர் கன்டெய்னரா இறக்குறாங்களே," என்றேன். "எங்க மாமியார் காய்கறிப் பையைத் தூக்கவே என்னைத்தான் கூப்பிடுவாங்க."

முதலாளி ரசித்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு தாளில் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுத் தள்ளி வைத்தார். அந்தச் சிரிப்புதான் எனக்கு முதலில் பிடிக்காமல் போனது.

மச்சான் சுவரோரம் நின்ற இரும்பு அலமாரியைத் திறந்தார். இருபத்திரண்டு வருட ஃபைல்கள், எல்லாவற்றின் முதுகிலும் ஒரே கையெழுத்தில் எண்கள். அவர் எதையோ தேடினார், எடுத்தார், வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஆறு ஃபைலை மேசையில் பரப்பினார்.

"இருபத்திரண்டு வருஷத்துல உங்க தொண்ணூத்தேழு 'மற்றவை'ன்னு போட்டது ஆறே தடவை," என்றார். "ஒவ்வொண்ணுலயும் மேல ஒரு தாள் பின் பண்ணியிருக்கு. ஏன் இது இல்லை, ஏன் அது இல்லைன்னு காரணம். சாமான்ல ஒரு துண்டை வெட்டி ஒட்டியும் வெச்சிருக்கார்."

"அவனுக்கு வேற வேலை இல்லை," என்றார் முதலாளி. "ஒரு பொம்மைத் தொப்பிக்கு அரைநாள் தலையைச் சொறிவான். தொண்ணூத்தேழு அத்தியாயத்தையும் ஒண்ணு விடாம புரட்டுவான். அதுல எழுபத்தேழாவது காலி சார், தெரியுமா? ஒரு சாமானும் கிடையாது. பிற்காலத்துக்குன்னு வெறுமனே விட்டு வெச்சிருக்காங்க. அதையும் விடாம திறந்து பார்ப்பான், உள்ள ஏதாவது குட்டி போட்டிருக்கான்னு!"

"என்னைக் கூட அங்கதான் சேர்க்கணும்," என்றேன். "எங்க வீட்டுல எந்த அத்தியாயத்துலயும் இடம் கொடுக்கலை."

மச்சான் ஏழாவது ஃபைலை எடுத்தார். சிவப்பு ஜாக்கெட்டின் ஃபைல். நானூறு உருப்படி, எல்லாம் சின்ன அளவு. மேலே காரணத் தாள் இல்லை.

"பாருங்க," என்றார் முதலாளி, கையை விரித்து. "காரணம் இருந்தாத்தானே எழுதுவான். திருட்டுத்தனமா போட்டதுக்கு என்ன எழுதுவான்?"

மச்சான் ஃபைலின் இடது மேல் மூலையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிறகு கீழே வைத்துவிட்டு, அதே மாதத்தில் அதே மாமியாருக்கு வேறு என்ன சரக்கு வந்தது என்று பார்த்தார். ஒரே ஒரு ஃபைல்தான் இருந்தது. எண்ணையும் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டார்.

"பாவம் குழந்தைங்க," என்றார் முதலாளி, எங்களை வழியனுப்ப எழுந்தபடி. "அன்னைக்கிலேருந்து எனக்கு ரெண்டு வேளைதான் சாப்பாடு இறங்குது." மேசை இழுப்பறையைத் திறந்து எதையோ எடுத்து என் கையில் வைத்தார். கயிறு கோத்த ஆரஞ்சு நிற விசில், வாளியில் மூழ்கிய ஜாக்கெட்டின் கழுத்தில் தொங்கியதே, அதே மாதிரி. "வீட்டுல குழந்தைங்க இருந்தா குடுங்க. கொஞ்சம் மிஞ்சிப் போச்சு."

மச்சான் அதை என் கையிலிருந்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். முதலாளிக்கு நன்றி சொன்னார். அவர் அப்படிக் குனிந்து நன்றி சொன்னால் எதிராளிக்குக் கெட்ட காலம் என்று நான் பழக்கத்தில் கண்டிருக்கிறேன்.

*

கார் சிக்னலில் நின்றது.

"அந்த ஆளைக் கழுத்தைப் பிடிச்சு உலுக்கியிருக்கலாம்," என்றேன். "செத்த குழந்தைங்க கழுத்துல தொங்கின விசில் மிஞ்சிப் போச்சாம், பரிசு தரான்."

"விசில் தனி ஃபைல், மாப்பிள்ளை. தொண்ணூத்திரண்டாவது அத்தியாயம், வாத்தியக் கருவிங்க."

"விசில் வாத்தியமா? அப்ப பஸ் கண்டக்டர் எல்லாம் வித்வானா?"

"ஊதுற விசில் அங்கதான் வரும். அது எத்தனை வந்திருக்கு தெரியுமா? நானூறு. சட்டை நானூறு, விசில் நானூறு. ஒரே மாசம், ஒரே மாமியார், ஆனா வேற வேற பெட்டி. ரெண்டும் ஒரே பெட்டியில வந்திருந்தா, திறந்து பார்க்கிற அதிகாரி லைஃப் ஜாக்கெட்டுன்னு அந்த நிமிஷமே சொல்லியிருப்பான். பிரிச்சு வந்ததால சட்டை வெறும் சட்டை, விசில் வெறும் விசில். இங்க குடோன்ல கொண்டுவந்து கட்டிட்டா லைஃப் ஜாக்கெட்."

"அப்ப முதலாளிக்கு முன்னாடியே தெரியும்."

"பிரிச்சு அனுப்பச் சொன்னவனுக்குத் தெரியாம இருக்குமா?"

"அடி சக்கை! அவன்தான் நம்ம ஆள் பேர்ல 'மற்றவை'ன்னு போட்டிருக்கான். அந்தம்மா சொன்னது சரி. கேஸ் முடிஞ்சுது."

பச்சை விழுந்தது. மச்சான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி சொன்னார்.

"ஃபைல் மூலையில ரெண்டு ஓட்டை இருந்துது. பின் பண்ணின ஓட்டை. அங்க ஒரு தாள் இருந்திருக்கு, யாரோ உருவியிருக்காங்க."

"அதனால என்ன?"

"காரணத் தாள் எழுதுற பழக்கம் ஒரே ஒருத்தருக்குத்தான். தாள் இருந்திருக்குன்னா, தொண்ணூறுன்னு போட்டது அவரேதான்."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் வண்டியை நகர்த்த மறந்திருந்தேன்.

"அவர் பொய்யான கோடு போடலை, வேற யாரும் அவர் பேர்ல போடவும் இல்லை," என்றார் மச்சான். "நீங்க வாளியில போட்டுப் பார்த்தீங்களே, அதையேதான் அவரும் பண்ணியிருப்பார். மூழ்கிடுச்சு. மூழ்குற சாமான் எப்படி லைஃப் ஜாக்கெட் ஆகும்? சட்டப்படி பார்த்தா ஆகாது. சாமான் எப்படி வந்து நிக்குதோ அதை வெச்சுத்தான் கோடு. மேல என்ன பேர் ஒட்டியிருக்கு, நாளைக்கு எவன் எங்க விப்பான், அதெல்லாம் கணக்கில்லை. அவர் போட்டது சரியான கோடு, மாப்பிள்ளை."

"சரியான கோடா?"

"நூத்துக்கு நூறு சரி. தப்பா இருபதுன்னு போட்டிருந்தா சான்றிதழ் கேட்டிருப்பாங்க, பெட்டி துறைமுகத்துலயே நின்னிருக்கும். பதினோரு பேரும் இன்னைக்கு இருந்திருப்பாங்க. முதலாளிக்கு இவரோட குணம் தெரியும். பேர் இல்லாத சட்டையை நீட்டி 'இது என்னப்பா?'ன்னு கேட்டா, உண்மையைத்தான் சொல்வார்னு தெரியும். அதுதான் அவனுக்குத் தேவை."

இருபத்திரண்டு வருட நேர்மையை ஒருவன் கன்டெய்னர் சாவியாக உபயோகித்திருக்கிறான்.

"உருவின தாளைக் கொளுத்தியிருப்பானே. எங்க போய்த் தேடுறது?"

"இவ்வளவு ஒழுங்கா இருக்கிற ஆள் நகல் எடுக்காம இருக்கமாட்டார். எல்லாத்துக்கும் ஒரு இடம் வெச்சிருக்கிறவர். எந்த இடத்துலயும் சேராத ஒரு தாளை எங்க வைப்பார்?"

நான் யோசித்தேன். அன்றைக்கு ஒரே ஒரு தடவை என் மூளை மச்சானை முந்தியது. "காலியா விட்டு வெச்சிருக்கிற இடத்துல."

"வீட்டுக்கு விடுங்க வண்டியை," என்றார்.

*

இரண்டு அறை வீடு. வாசலில் எங்களை நிறுத்தாமல் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள் அந்தப் பெண். பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது, வாசலில் நிறைய செருப்பு கிடந்தது.

"அவங்க வீட்டுப் பொண்ணும் போயிட்டா சார்," என்றாள் மெதுவாக. "ரெட்டைஜடைன்னு கூப்பிடுவோம். குட்டியும் அவளும் ஒரே பெஞ்ச். படகுலயும் பக்கத்துல பக்கத்துலதான்."

குட்டி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். மேசை உயரம், அவள் குள்ளம். நாற்காலியில் ஒரு தடித்த புத்தகத்தைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"வரிப் புத்தகம் எங்கம்மா?" என்று மச்சான் கேட்டார்.

"அதோ, அவ உக்காந்திருக்கிறதுதான். போலீஸ் வந்தப்பவும் அவ அதுமேலதான் இருந்தா. அழுதா, அதனால எழுப்பலை."

நான் குட்டியைத் தூக்கி நிறுத்தினேன். மச்சான் புத்தகத்தை மேசையில் வைத்துப் புரட்டினார். எழுபத்தாறு அலுமினியம். எழுபத்தெட்டு ஈயம். நடுவில் ஒரே ஒரு பக்கம், தலைப்புக்குக் கீழே வெறும் வெள்ளை. அங்கே நாலாக மடித்த தாள் ஒன்று இருந்தது.

மச்சான் உரக்கப் படித்தார். "'பொருள்: கையில்லாத துணிச் சட்டை, உள்ளே பஞ்சு. வாளி நீரில் நான்காம் நிமிடம் மூழ்கியது. உயிர் காக்கும் ஆடை அல்ல. அந்தப் பெயரில் உபயோகித்தால் ஆள் சாவார். ஆகையால் 630720 பொருந்தாது, 630790.'" தாளை எங்கள் பக்கம் திருப்பினார். நகலிலும் கேட்டு வாங்கியிருக்கிறார்: கீழே பச்சை மையில் ஒரு வரியும் கையெழுத்தும் இருந்தன. 'பார்த்தேன். அப்படியே போடு.'

"மாட்டினான்!" என்று கத்தினேன். "அம்மா, ஜெயிச்சுட்டோம்! லைஃப் ஜாக்கெட்டுன்னு சொன்னேன், சான்றிதழ் கேட்டேன்னு அவன் சொன்னதெல்லாம் புளுகு. இது மூழ்கும், ஆள் சாவாங்கன்னு உங்க வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்திருக்கார், அவன் படிச்சுட்டு பச்சையில கையெழுத்துப் போட்டிருக்கான்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பத்து நாள் அழுகை. "எனக்குத் தெரியும் சார், எனக்குத் தெரியும்," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மச்சான் மட்டும் நகரவில்லை. தாள் இருந்த வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பென்சிலில் பொடி எழுத்தில் சில வரிகள். நான் எட்டிப் பார்த்தேன்.

'சட்டை 400. எட்டாம் நாள் விசில் 400. எண்ணிக்கை ஒன்று. இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று தெரிகிறது. சேர்ப்பது யார், எங்கே விற்பார் என்பது என் கேள்வி அல்ல.'

அதற்குக் கீழே இன்னொரு தேதி, ஒரே ஒரு வரி. 'படகுத்துறை வாங்கியிருக்கிறது.'

அந்தத் தேதி, படகு கவிழ்வதற்கு மூன்று வாரம் முந்தையது.

"இல்லை," என்றேன் மச்சானிடம் தணிந்த குரலில். "இல்லை மச்சான். பெத்த பொண்ணை ஏத்தி அனுப்பினாரே."

மச்சான் குட்டியின் முன்னால் மண்டியிட்டார். நான் அவர் தோளைப் பிடித்தேன், உதறினார். அன்றைக்கு மச்சானை அடித்திருக்க வேண்டும் என்று இப்போதும் தோன்றுகிறது.

"குழந்தையை விடுங்க சார்," என்றாள் அம்மா. "அவகிட்ட நாங்க அதைப் பத்திப் பேசுறதே இல்லை."

"ஒரே ஒரு கேள்விம்மா. குட்டி, அன்னைக்குப் படகுல ஏறினப்ப சிவப்புச் சட்டை போட்டியா?"

"மிஸ் போடச் சொன்னாங்க. போட்டேன்."

"பட்டன்?"

குட்டி அம்மாவைப் பார்த்தாள். "போடலை."

"ஏன்?"

"அப்பா சொன்னாரு. மிஸ் குடுத்தா போட்டுக்கோ, பட்டன் மட்டும் போடாதே. படகு ஆடிச்சுன்னா உடனே கழட்டி எறிஞ்சுட்டு ஓரத்துக் கட்டையைப் புடிச்சுக்கோ. விடாதேன்னாரு." பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். "வீட்டுலயே நாற்காலியைப் புடிச்சுப் பழக்கிவிட்டாரு. நாலு தடவை."

அம்மாவின் அழுகை நின்றுபோனது. துணியால் வாயை அழுத்திக்கொண்டாள்.

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு. சொன்னா அப்பா வேலை போயிடும்னாரு."

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. மெல்லிய சுவர். அந்தப் பெண் அதைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தாள், நாற்காலி தடுத்தது, அப்படியே உட்கார்ந்தாள்.

"இந்தத் தாளைக் கொடுத்தா அவர் வெளிய வருவாரா?" என்று கேட்டாள். யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"தாளை மட்டும் தனியா எடுத்துக் கொடுத்தா, முதலாளி உள்ள போவான், இவர் வெளிய வந்துடுவார். புத்தகத்தோட கொடுத்தா ரெண்டு பேரும் உள்ள," என்றார் மச்சான். "நீங்கதான் எங்களைக் கூப்பிட்டீங்க. நீங்க சொல்றதுதான்."

பாத்திரச் சத்தம் நின்றது. பக்கத்து வீட்டில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். பதில் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள்.

"புத்தகத்தோட எடுத்துட்டுப் போங்க," என்றாள். "குட்டிக்கு உக்கார வேற ஏதாவது போட்டுக்கிறேன்."

வாசலில் செருப்பு மாட்டும்போது குட்டி ஓடிவந்து மச்சானின் சட்டையை இழுத்தாள். அவர் குனிந்தார். காதில் என்னவோ சொன்னாள். மச்சான் தலையசைத்தார். காரில் நான் எவ்வளவு கேட்டும் அது என்னவென்று சொல்லவில்லை. உரிக்க லேபிளும் இல்லாமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

*

சிறைப் பார்வையாளர் அறையில் ஒரு மேசை, மூன்று இரும்பு நாற்காலி. ஐந்து மணிக்கு அவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். ஒல்லியான மனிதர். மேசை விளிம்பை, நாற்காலிக் காலை, என் சட்டைப் பட்டனை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எது எந்த அத்தியாயம் என்று பிரித்துக்கொண்டிருந்தாரோ என்னவோ.

"உங்க தாளை எடுத்துட்டோம்," என்றார் மச்சான். "எழுபத்தேழுல இருந்துது. புத்தகத்தோட போலீஸ்ல கொடுத்தாச்சு. இந்நேரம் உங்க முதலாளி வீட்டுக்கு வண்டி போயிருக்கும்."

அவர் நிமிர்ந்தார். பத்து நாளாகப் பேசாத வாய் திறந்தது.

"கோடு சரிதானே சார்?"

நான் காதில் விழுந்ததை நம்பவில்லை.

"தொண்ணூறுதானே வரும்? இருபது வராதே? உள்ள பஞ்சு. மிதக்காது. நான் மூணு தடவை வாளியில போட்டுப் பார்த்தேன். எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் கேக்கட்டும். வேற எந்த நம்பரும் வராது."

"வராது. உங்க கோடு சரி. ஒருத்தரும் தப்புன்னு சொல்ல முடியாது."

அந்த முகம் தளர்ந்தது. தோள் இறங்கியது. கண்ணில் நீர்கூட வந்தது. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மனிதர் பத்து நாள் காத்திருந்தார் என்று புரிந்தபோது எனக்கு அவர்மேல் இருந்த இரக்கம் முழுக்கப் போய்விட்டது.

"ரொம்ப நன்றி சார்," என்றார். "எல்லாரும் கோடு தப்பு, கோடு தப்புன்னே..."

"உங்க பொண்ணு ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னா," என்றார் மச்சான்.

அவர் சட்டென்று மேசையின் விளிம்பைப் பிடித்தார்.

"'ரெட்டைஜடைகிட்ட மட்டும் சொல்லியிருந்தா அப்பா திட்டியிருப்பாரா?'ன்னு கேட்டா. திட்டமாட்டீங்கன்னா, ரெட்டைஜடையோட அம்மாகிட்ட போய் மன்னிப்புக் கேக்கணுமாம். திட்டுவீங்கன்னா வேண்டாமாம். எதுன்னு தெரிஞ்சுக்கணுமாம்."

அவருடைய வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மேசையின்மேல் அசையத் தொடங்கின. இல்லாத புத்தகத்தின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளின. முதலிலிருந்து கடைசிவரை தள்ளிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தன. உதடு எண்களை முணுமுணுத்தது. நாங்கள் காத்திருந்தோம். காவலர் வந்து நேரம் முடிந்தது என்றார். அவரை எழுப்பி அழைத்துப் போனபோதும் அந்த விரல்கள் காற்றில் புரட்டிக்கொண்டுதான் இருந்தன.

வெளியே வெயில் இன்னும் இருந்தது. மச்சான் பையிலிருந்து ஆரஞ்சு விசிலை எடுத்துப் பார்த்துவிட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

"குழந்தைகிட்ட போய் என்ன மச்சான் சொல்றது?" என்றேன்.

"தெரியலை, மாப்பிள்ளை," என்றார். "அவ இன்னும் வாசல்லதான் நிப்பா. வண்டியை எடுங்க."